ஜாத்திரை அன்று மாப்பிள்ளை எங்கே இருந்தார்?

ஐம்பதுகளின் பின்பாதி. ஆந்திரா தனி மாநிலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனால் எந்த ஊர் எந்தப் பக்கம் என்கிற பேச்சு மட்டும் முடிந்தபாடில்லை. நாங்கள் அப்போது சித்தூரில் இருந்தோம். எனக்குப் பத்தொன்பது வயது, கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நிச்சயமான மாப்பிள்ளை கொலைகாரரா இல்லையா என்று நானே ரயிலேறிப் போய்த் துப்பறிந்த கதை இது. இப்போது சொன்னால் பேரப்பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாப்பிள்ளைக்குத் திருப்பதி. அங்கே ஒரு அச்சாபீசில் எழுத்துக் கோர்க்கிற வேலை. தமிழும் கோர்ப்பார், தெலுங்கும் கோர்ப்பார். பெண் பார்க்க வந்த அன்று எங்கள் உறவுக்காரக் குழந்தை ஒன்று அவருடைய வெள்ளைச் சட்டையில் காபியைக் கவிழ்த்துவிட்டது. வேறு மாப்பிள்ளையாக இருந்தால் முகம் எட்டுக் கோணலாகியிருக்கும். இவர் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, சட்டைக்கும் காபி கிடைத்துவிட்டது என்று சொல்லிச் சிரித்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பிடித்துவிட்டது. இந்த வயதில் இதையெல்லாம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

நிச்சயதார்த்தம் முடிந்து அவரை ஸ்டேஷன் வரைக்கும் வழியனுப்பப் போனவர் என் சித்தப்பா. அம்மாவின் தங்கையை எங்கள் வீட்டில் சின்னம்மா என்போம். அவள் வீட்டுக்காரர் இவர். ஒரு சர்க்கார் ஆபீசில் ஹெட் கிளார்க். மடிப்புக் கலையாத சட்டை, நெற்றியில் சந்தனப் பொட்டு, எதிரில் யார் வந்தாலும் ஒரு புத்திமதி. தங்கமான மனுஷர். ஆனால் ஒரு விஷயத்தில் முடிவு கட்டிவிட்டார் என்றால் பிறகு அந்த முடிவை யாராலும் அவிழ்க்க முடியாது.

ஸ்டேஷனுக்குப் பக்கத்து டீக்கடையில்தான் வினை. சித்தூரில் வெல்ல மண்டி வைத்திருந்த ஒரு பெரிய புள்ளி அங்கே உட்கார்ந்து எல்லைப் பிரச்சினையைத் தீர்த்துக்கொண்டிருந்தார். தமிழ் பேசுகிறவர்களெல்லாம் மூட்டையைக் கட்டிக்கொண்டு மெட்ராஸ் பக்கம் போகட்டும் என்பது அவருடைய தீர்ப்பு. மாப்பிள்ளை பொறுக்காமல், எங்கள் முப்பாட்டன் காலத்திலிருந்து இந்த மண்ணில் உழுகிறோம், கிளம்பச் சொல்ல நீ யார் என்று கேட்டிருக்கிறார். அவர் ஒன்று சொல்ல, இவர் ஒன்று சொல்ல, அந்தப் புள்ளி இவருடைய அம்மாவை இழுத்துப் பேசிவிட்டார். இவர் எழுந்து நின்று, கடை முழுவதும் கேட்க, "இருய்யா, ஒன்ன ஒரு நாள் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய் ரயிலேறினார்.

யாருக்கும் கோபத்தில் வருகிற வார்த்தைதான். ஆனால் கொஞ்ச நாளில் அந்த மண்டிக்காரரை யாரோ பட்டப்பகலில், மத்தியானச் சாப்பாட்டு வேளையில், மண்டிக்குள்ளேயே மண்டையில் அடித்துக் கொன்றுவிட்டார்கள். பாவம், எப்படிப்பட்டவராக இருந்தாலும் அந்தச் சாவு வேண்டாம். அடித்தது யார் என்று தெரியவில்லை. தெரியாத இடத்தில் ஊர் சும்மா இருக்குமா? டீக்கடையில் சொன்ன வார்த்தைக்குக் கண் காது மூக்கு வைத்து, எங்கள் வீட்டு மாப்பிள்ளை தலையில் கட்டிவிட்டார்கள்.

போலீஸ் திருப்பதிக்குப் போய் அவரை விசாரித்தது. அன்றைக்கு எங்கே இருந்தாய் என்று கேட்டதற்கு, கங்கம்மா ஜாத்திரையில் சேலை கட்டிக்கொண்டு நின்றேன் என்றாராம். பார்த்தவர் யார் என்றால், எல்லாரும் பார்த்தார்கள், யாருக்கும் அடையாளம் தெரியாது என்றாராம். மறுபடி கூப்பிடுவோம், ஊரை விட்டு எங்கும் போகாதே என்று சொல்லி விட்டிருக்கிறார்கள்.

இது எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத்தான் விளங்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சித்திரை முடிகிற சமயம் திருப்பதியில் கங்கம்மாவுக்கு ஜாத்திரை. பறையடித்துச் சாட்டிவிட்டால் ஊர்க்காரர் யாரும் எல்லை தாண்டக் கூடாது. வெளியூர்க்காரர் ஒரு ராத்திரி தங்கிவிட்டாலும் முடிகிற வரைக்கும் அவரும் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். ஆண்பிள்ளைகள் வேண்டிக்கொண்டு வேஷம் போடுவார்கள். உடம்பு முழுக்கக் கரி பூசுகிறவர் உண்டு, சந்தனம் பூசுகிறவர் உண்டு. சேலை கட்டி, பூ முடித்து, வளையல் மாட்டிப் பெண் வேஷத்தில் வருகிறவர்களோ ஏராளம். வேஷம் கட்டினவர் எதிரில் வருகிறவரை வாய்க்கு வந்தபடி திட்டலாம். வாங்கினவர் கோபப்படக் கூடாது, அம்மன் கொடுத்த ஆசீர்வாதம் என்று கும்பிட்டுக்கொண்டு போக வேண்டும்.

ஆக, மாப்பிள்ளை சொன்னது நடக்கக்கூடியதுதான். நிரூபிக்கத்தான் வழியில்லை. அம்மாக்காரி, என் சேலையைத்தான் கட்டிக்கொண்டு போனான் என்கிறாள். பெற்றவள் சாட்சி எந்தக் கோர்ட்டில் செல்லும்?

அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவர் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, வருகிற வெள்ளிக்கிழமை நிச்சயத் தட்டைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று சொல்லிவிட்டார். சித்தப்பாவுக்கும் அதே முடிவுதான். என் காதாலேயே கேட்டேன், பையன் கண்ணில் ரத்தம் தெரிந்தது என்று அவர் சொல்லச் சொல்ல அம்மா அழுதாள். அவரைக் குறை சொல்ல மாட்டேன். என் மேலிருந்த பாசத்தில்தான் அப்படிக் குதித்தார்.

சின்னம்மா மட்டும் மசியவில்லை. அவள் வாரப் பத்திரிகைகளில் வருகிற துப்பறியும் தொடர்கதைகளில் ஊறினவள். கொலைகாரன் யார் என்று துப்பறிவாளருக்கு முன்னாலேயே தான் கண்டுபிடித்துவிடுவதாக அவளுக்கு ஒரு நினைப்பு. பாதிக்குமேல் தப்பாகத்தான் இருக்கும், அதைச் சொன்னால் கதை எழுதினவருக்கு எழுதத் தெரியவில்லை என்பாள். அவள் என்னைக் கூடத்து மூலைக்குத் தள்ளிக்கொண்டு போய், "ஊரு சொல்லிட்டா கொலகாரன் ஆயிடுவானா? அலிபி இன்னான்னு பாக்க வாணாமா?" என்றாள். அலிபி என்றால் என்ன என்று கேட்டேன். குற்றம் நடந்த நேரத்தில் ஆள் வேறு இடத்தில் இருந்தான் என்பதற்குச் சாட்சி என்றாள். அந்த வார்த்தையை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

நைனாவிடம், கல்யாணத் தடை நீங்கக் கோவிந்தராஜப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன், பெண்ணை ஒரு எட்டு அழைத்துப் போய் வருகிறேன் என்று சின்னம்மா பொய் சொன்னாள். துணைக்குச் சித்தப்பா. உண்மையில் என்ன வேலையாகப் போகிறோம் என்று ரயிலில்தான் அவருக்குச் சொன்னோம். அவர் தலையிலடித்துக்கொண்டார். சரி, இரண்டு பேரும் நேரில் பார்த்தாலாவது புத்தி வரும் என்று சமாதானமானார்.

பாகாலாவில் வண்டி வெகுநேரம் நின்றது. பிளாட்பாரத்தில் கால் வைக்க முடியாத வெயில். குடிக்கத் தண்ணீர் பிடித்து வருவதற்குள் சின்னம்மாவுக்கு மண்டை காய்ந்துவிட்டது. இருந்த ஒரு குடையையும் போன தடவை திருப்பதிக்கு ஆபீஸ் வேலையாக வந்தபோது ரயிலில் மறந்து வைத்துவிட்டு வந்த மகராசனை அவள் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். சித்தப்பா ஜன்னல் வழியாகச் சந்திரகிரி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திருப்பதியில் இறங்கினதும் நேரே கங்கம்மா கோயில் தெரு. சின்னம்மா கடை கடையாக ஏறினாள். இப்படி இப்படி, உயரமான பையன், அச்சாபீசில் வேலை, ஜாத்திரை பெரிய நாளன்று மத்தியானம் பெண் வேஷத்தில் பார்த்தீர்களா? பூக்கடைக்காரர், அன்றைக்குத் தெருவில் பொம்பளை என்று பார்த்ததில் பாதி ஆம்பளை என்றார். தேங்காய்க் கடைக்காரர் நிச்சயமாகப் பார்த்தேன் என்றார். சேலை நிறம் என்ன என்று கேட்டால் பச்சை என்றார், கொஞ்சம் யோசித்து நீலம் என்றார், நாங்கள் கிளம்பும்போது கூப்பிட்டு மஞ்சளாகவும் இருக்கலாம் என்றார்.

மூலையில் ஒரு நன்னாரி சர்பத் கடை. அந்தக் கடைக்காரர் சின்னம்மாவுக்குப் பதில் சொல்வதை விட்டுவிட்டுச் சித்தப்பாவையே பார்த்தார். சாரை எங்கேயோ பார்த்திருக்கிறேனே, இங்கேதானே வந்தீர்கள் என்றார். சித்தப்பா இந்தப் பக்கம் வந்ததே இல்லை என்று சொல்லிவிட்டு விறுவிறு என்று நடக்க ஆரம்பித்தார். வெயிலுக்கு ஒரு சர்பத் வாங்கிக் கொடுக்கக்கூட மனசு வரவில்லை பார் என்று சின்னம்மா முணுமுணுத்தாள்.

கடைசியில் அச்சாபீசுக்கே போனோம். கல்யாணப் பெண் மாப்பிள்ளையைத் தேடிப் போவதாவது! நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசல் வேப்பமரத்தடியில் நின்றேன். அவர் மைக் கையோடு வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

சின்னம்மா சுற்றி வளைக்கவில்லை. அன்றைக்கு யாரையாவது திட்டினாயா, திட்டு வாங்கினவர்களுக்கு ஞாபகம் இருக்குமே, அவர்களைப் பிடித்தால் போதுமே என்று கேட்டாள். நல்ல யோசனைதான், எனக்கே பெருமையாக இருந்தது.

"எதுர்ல வந்தவங்களயெல்லாம் திட்டினேன் அத்தை. அவங்களுக்கு நான் யாருன்னு தெரியாது. ஒருத்தரை மட்டும் திட்ட வாய் வரல. மத்தியானம் பூரா அவங்க கூடத்தான் நின்னுக்கினு இருந்தேன். யாருன்னு மட்டும் கேக்காதீங்க."

ஏன் கேட்கக் கூடாது என்றாள் சின்னம்மா. சொன்னால் அவர்களுக்குத் தலைகுனிவு என்றார். கழுத்துக்குக் கத்தி வந்திருக்கிறது, இப்போது போய் அடுத்தவர் தலையைப் பற்றி என்ன கவலை என்றாள். அவர் வாயைத் திறக்கவில்லை. சித்தப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. அப்படி ஒரு ஆள் இருந்தால்தானே சொல்லுவான் என்று எங்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அவர் பக்கம் திரும்பி, பெண் வீட்டாரை முட்டாள் என்று நினைத்துவிட்டாயா தம்பி என்று காய்ச்சி எடுத்தார்.

அவர் தலையை நிமிர்த்தாமல், "இருக்கட்டும் மாமா" என்றார். அவ்வளவுதான். வெயிலில் வந்திருக்கிறீர்கள், வீடு பக்கத்துத் தெருவில்தான், அம்மா இருக்கிறாள், ஒரு வாய் மோர் குடித்துவிட்டுப் போங்கள், நானும் பின்னாலேயே வருகிறேன் என்று கேட்டுக்கொண்டார்.

நடக்கும்போது சின்னம்மா என் காதில் சொன்னாள், இது பொம்பளை சமாசாரமாக இருக்கும் என்று. யாரோ ஒருத்தியின் மானத்தைக் காப்பாற்றத்தான் பையன் வாயை மூடிக்கொண்டிருக்கிறான் என்பது அவளுடைய துப்பு. அவர் கொலைகாரராக இருந்தால்கூட எனக்கு இவ்வளவு அழுகை வந்திருக்காது போல. தெரு என்றும் பார்க்காமல் மூக்கைச் சிந்தினேன்.

அவருடைய அம்மாவுக்கு எங்களைப் பார்த்ததும் கை கால் ஓடவில்லை. பாய் விரித்தாள், மோர் கொண்டுவந்தாள், என் முகத்தைத் தடவிக் கொடுத்தாள். என் பையன் எறும்பைக்கூட மிதிக்க மாட்டான் சம்பந்தியம்மா என்று சின்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சின்னம்மாவுக்கும் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையைத் தூக்கினவள் அப்படியே நின்றுவிட்டாள். சுவரில் ஆணியில் ஒரு குடை தொங்கிக்கொண்டிருந்தது.

கறுப்புக் குடை எந்த வீட்டில்தான் இல்லை? ஆனால் சின்னம்மா எழுந்து போய் அதை எடுத்தாள். வீட்டுக்குள்ளேயே விரித்தாள். உள்பக்கம் ஒரு மஞ்சள் ஒட்டுத் துணி. அது அவளுடைய பழைய ரவிக்கைத் துணி, தைத்தது அவளே. நான் பக்கத்திலிருந்து ஊசி கோர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

இது ஏது என்று சின்னம்மா கேட்டதற்கு அந்த அம்மாள் வெள்ளந்தியாகச் சொன்னாள்:

"ஜாத்திரை அன்னிக்கு வேஷத்தோட வரச்சொல்லோ கையில எடுத்துக்கினு வந்தான். யாரோ பெரிய மனுசரு, வெயில்ல நிக்கறியேன்னு குடுத்தாராம். யாருடான்னா சிரிக்கிறான். யார் கிட்டயும் சொல்லாதன்னான். நீங்க வூட்டு மனுசங்க, ஒங்க கிட்ட இன்னா?"

சித்தப்பாவுக்கு மோர் புரையேறியது. சின்னம்மா தலையில் தட்டவில்லை. குடையை விரித்தபடியே அவர் முன்னால் போய் நின்று, இது ரயிலில்தானே தொலைந்தது என்றாள்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை உள்ளே வந்தார். விரித்த குடையையும் சின்னம்மாவையும் பார்த்தார். பிறகு சித்தப்பாவிடம், ஏதோ தான்தான் தப்புச் செய்துவிட்ட மாதிரி, "நான் ஒண்ணும் சொல்லல மாமா" என்றார்.

அப்புறம் சித்தப்பாவிடமிருந்து ஒவ்வொரு வார்த்தையாகப் பிடுங்க வேண்டியிருந்தது. ஜாத்திரை பெரிய நாளன்று அவர் ஆபீஸ் வேலையாகத் திருப்பதி வந்திருக்கிறார். வேலை சீக்கிரம் முடிந்ததும் வேடிக்கை பார்க்கக் கங்கம்மா தெருவுக்குப் போனார். சர்பத் கடை மூலையில் உயரமாக, லட்சணமாக ஒரு பெண் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து முகத்தை மூடி, தலையைக் குனிந்துகொண்டாள். ஆகா, எவ்வளவு அடக்கமான பெண் என்று இவருக்கு மனசு இளகிவிட்டது. குடையைப் பிடித்தார். சர்பத் வாங்கிக் கொடுத்தார். எந்த ஊர், கூட யாரும் வரவில்லையா என்று தமிழிலும் தெலுங்கிலும் மாற்றி மாற்றிக் கேட்டார். அவள் வாயே திறக்கவில்லை. இவர் விடாமல், தன் ஆபீஸ் பெருமையெல்லாம் சொல்லிக்கொண்டு மத்தியானம் பூராவும் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். கடைசியில் ஒரு வேஷக் கூட்டம் தள்ளிக்கொண்டு வர, குடையும் பெண்ணும் அதில் போய்விட்டார்கள்.

மாப்பிள்ளைக்கு இவரை முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. வரப்போகிற மாமனார் முறை, மரியாதைக்குத் தலையைக் குனிந்திருக்கிறார். வாயைத் திறந்தால் ஆம்பளைக் குரல், குட்டு உடைந்து மாமா கூனிக் குறுகிப் போவார். நகரலாம் என்றால் குடையும் கூடவே நகர்ந்ததாம்.

அந்த மத்தியானம்தான் சித்தூர் மண்டியில் கொலை நடந்தது. சாயந்திரம் ரயிலை விட்டு இறங்கினதும் அந்தச் செய்தியைக் கேட்டு எங்கள் வீட்டுக்கு ஓடிவந்து சொன்னவரே சித்தப்பாதான். மத்தியானம் பூராவும் திருப்பதியில் குடை நிழலில் நின்ற ஆள், அதே மத்தியானம் சித்தூரில் எப்படி இருக்க முடியும்? சின்னம்மா தேடி அலைந்த அலிபி அவள் வீட்டிலேயே சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

முதலில் சிரித்தது நான்தான். அழுத மூக்கோடு சிரிப்பு வந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளையின் அம்மா சிரித்தாள். சித்தப்பா மெல்ல, வெயிலில் நிற்கிற ஒரு பொம்பளைக்குக் குடை கொடுத்தது தப்பா என்று கேட்டார்.

"குடுக்கறது தப்பில்ல. கண்ணாலம் ஆனதுலேர்ந்து எனக்கு ஒரு நாளாவது புடிச்சிகிறீங்களா?" என்றாள் சின்னம்மா. அதற்கு மேல் அவளாலும் முடியவில்லை, குடையைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து சிரித்தாள்.

கிளம்புகிற நேரத்தில் நான் துணிந்து அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அதுதான் அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு. போலீஸிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா என்றேன்.

அவர் மை விரலைத் தேய்த்துக்கொண்டே, "கண்ணாலத்துக்கு அப்பறம் காலம்பூரா பாக்கப்போற மனுசரு. நான் சொல்லிட்டா அவரு அப்பறம் என் மூஞ்சியில எப்பிடி முழிப்பாரு?" என்றார்.

கண்டுபிடித்தாகிவிட்டது, ஆனால் வேலை முடியவில்லை. நாங்கள் கண்டுபிடித்து என்ன? சித்தப்பா வாயைத் திறந்து நைனாவிடமும் போலீஸிடமும் சொன்னால்தான் உண்டு. திரும்பி வருகிற ரயிலில் அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. தூரத்திலிருந்து பார்த்தேன் என்று சொல்லிவிடட்டுமா என்று கேட்டார். சேலை கட்டி முகம் மூடினவனைத் தூரத்திலிருந்து எப்படி அடையாளம் தெரிந்தது என்று கேட்பார்களே என்றாள் சின்னம்மா. குடை இல்லாமல் இந்தச் சாட்சி நிற்காது. ஆபீசில் கீழே வேலை பார்க்கிற பிள்ளைகளெல்லாம் சிரிப்பார்களே என்றார். சிரிப்பார்கள்தான் என்றாள். பாகாலாவில் அவருக்குப் பிடித்த மசால் வடை வந்தது. வேண்டாம் என்றுவிட்டார். அவரைக் கெஞ்ச எனக்கு மனசு வரவில்லை. என் கல்யாணத்துக்காக ஒரு மனுஷர் ஊர் முழுக்கச் சிரிப்பாய்ச் சிரிக்கப்பட வேண்டும் என்று எந்த வாயால் கேட்பது?

சித்தூர் நெருங்கும்போது அவராகவே சொன்னார்.

"அந்தப் பையன் ஜெயிலுக்கே துணிஞ்சி நிக்கறான். நான் சிரிப்புக்குப் பயந்துக்கினு ஒக்காந்துகினு கீறேன் பாரு."

வீட்டுக்கு வந்ததும் கை கால்கூடக் கழுவாமல் நைனா எதிரில் நின்று ஒன்று விடாமல் சொன்னார். சர்பத்தைக்கூட விடவில்லை. நைனா மூஞ்சியில் ஈ ஆடவில்லை. கேட்டு முடித்ததும், முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று தோட்டத்துப் பக்கம் போனார். கிணற்றடியிலிருந்து அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. என் ஆயுசில் நைனா அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. நிச்சயத் தட்டு பரண் மேலேயே இருந்தது.

மறுநாள் காலையில் சித்தப்பா அதே மடிப்புச் சட்டையில், குடையைக் கையில் பிடித்துக்கொண்டு, தானே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தார். அதிகாரி முழுவதும் கேட்டுவிட்டு, பக்கத்து அறையிலிருந்தவர்களையும் கூப்பிட்டு இன்னொரு தரம் சொல்லச் சொன்னாராம். திருப்பதி சர்பத் கடைக்காரரையும் விசாரித்தார்கள். அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. குடையோடு போன அந்தம்மா இன்னும் வீடு வந்து சேரவில்லையா என்று கேட்டாராம். மாப்பிள்ளையை அதற்கப்புறம் யாரும் கூப்பிடவில்லை.

ஊர் வாயை எப்படி அடைப்பது என்று அம்மா கவலைப்பட்டாள். அடைக்க வேண்டிய அவசியமே வரவில்லை. ஊருக்குக் கொலையைவிட ருசியான விஷயம் கிடைத்துவிட்டது. ஒரே வாரத்தில் "கொலகார மாப்பிள்ளை" என்ற பேச்சுப் போய் "குடை வள்ளல்" என்ற பேச்சு வந்தது. சித்தப்பா தெருவில் இறங்கினால், சார், இன்னைக்கு வெயில் ஜாஸ்தி என்று யாராவது சொல்வார்கள். முதலில் குனிந்துகொண்டு போனார். பிறகு, நிற்கிறாயா, பிடிக்கட்டுமா என்று திருப்பிக் கேட்கக் கற்றுக்கொண்டார். ஆனி மாதத்தில் எங்கள் கல்யாணத்தில் பந்தி விசாரித்தது அவர்தான். குடைக் கதையை வைத்துச் சித்தப்பாவை யாராவது கேலி பேச வந்தால் மாப்பிள்ளை பேச்சை மாற்றிவிடுவார். பாவம் மாமா, விடுங்கள் என்பார். அந்த ஒரு விஷயத்தில் என் வீட்டுக்காரர் கடைசி வரைக்கும் வாயே திறக்கவில்லை.

அடுத்த வருஷ ஜாத்திரைக்குச் சித்தப்பா லீவு போட்டுவிட்டு வந்து எங்கள் வீட்டிலேயே தங்கினார். என் வீட்டுக்காரர் சேலை கட்டி வெளியே வந்ததும் அவர் எதிரில் போய் நின்று, போன வருஷம் திட்டாமல் விட்டாயே, இப்போது திட்டு என்றார். இவருக்கு வாய் குழறியது. சித்தப்பா விடவில்லை. கடைசியில் இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு திட்டினார் பாருங்கள், தெருவே காதைப் பொத்திக்கொண்டது. சித்தப்பா கை கூப்பிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு எல்லைப் பேச்சு ஒரு வழியாக முடிந்தது. திருத்தணி அந்தப் பக்கம் போனது, சித்தூர் இந்தப் பக்கமே நின்றது, நாங்கள் யாரும் மூட்டை கட்டவில்லை. மண்டிக்காரரைக் கொன்றது யார் என்பது இன்றுவரை தெரியாது. சின்னம்மா சாகிற வரைக்கும் ஒரு ஆள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள், அது தப்பாகத்தான் இருக்கும். சித்தப்பாவும் இல்லை, என் வீட்டுக்காரரும் போய்விட்டார். எனக்குத் துப்பறிகிற புத்தி அந்த ஒரு நாளோடு சரி. ஆனால் அன்றிலிருந்து, தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரு வார்த்தையைச் சொல்லாமல் யாராவது தலை குனிந்து நின்றால், இவன் எதை மறைக்கிறான் என்று எனக்குத் தோன்றுவதில்லை. யாரைக் காப்பாற்றுகிறான் என்றுதான் முதலில் தோன்றுகிறது.